பார்த்துக்கொண்டவர்

ஜனவரி 8

அன்புள்ள அப்பாவுக்குப் பாப்பா எழுதுவது,

நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் கடையில் ஓடுகிற கம்ப்ரசர் சத்தத்தில் நான் பேசுவதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. அதனால் நீங்கள் கேட்டபடி கடிதமே எழுதிவிடுகிறேன். எப்படியும் இதைக் கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கத்தான் போகிறீர்கள். பக்கத்துக் கடைத் தையல்காரருக்கும், ஃபிரிட்ஜை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

விடுதி அறை பரவாயில்லை. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். காலையில் கதவைத் திறந்தாலே முகத்தில் ஆவி அடிக்கிறது.

இப்போது நல்ல செய்தி. குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு என்னை எடுத்திருக்கிறார்கள், அப்பா. எங்கள் நர்ஸிங் வகுப்பில் எல்லாரும் கேட்ட இடம். இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள்.

ஒரே ஒரு விஷயம். இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மருந்து, நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடித்துப்போட்டுவிடுகிறது. வெளியே ஓடியாடுகிற பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு, அவ்வளவுதான். இங்கே இருக்கிற பிள்ளைக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஏற்கெனவே அம்மை வந்து போனவர்களையோ தடுப்பூசி போட்டவர்களையோதான் உள்ளே விடுவார்கள். எனக்குத்தான் ஆறு வயதில் வந்ததே! படிவத்தில் எழுதிவிட்டேன். ‘உடனிருந்து பார்த்துக்கொண்டவர்’ என்ற இடத்தில் ‘அப்பா’ என்று போட்டிருக்கிறேன். அந்தப் பார்த்துக்கொண்டவர் ஒரு கடிதமும் தர வேண்டுமாம். நான்கு வரி போதும் அப்பா. நான்கே நான்கு வரி.

உங்கள் பாப்பா


ஜனவரி 15

பாப்பாவுக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கே நான் நலம், முதுகு நலம், கடைக்கு வருகிற ஃபிரிட்ஜ்கள்தான் ஒன்றுக்கும் நலமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உடனே எழுது.

உன் கடிதத்தைப் படித்ததும் கடையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் தன் ஃபிரிட்ஜ் இன்னும் சரியாகவில்லை என்பதையே மறந்துவிட்டுக் கிளம்பிப் போனார். தையல்காரர் உனக்கு இரண்டு வெள்ளை உடுப்பு தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அளவு அனுப்பு.

அது என்ன நான்கு வரி? அப்போது உன் அம்மா போய் இரண்டு வருடம், நீ ஆறு வயதுப் பிள்ளை, கழுத்திலும் முதுகிலும் வயிற்றிலும் கொப்புளம். கடையை இழுத்துச் சாத்திவிட்டு இரண்டு வாரம் உன் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. நீ சொறிந்துவிடக் கூடாது என்று நகத்தை ஒட்ட வெட்டி, இரண்டு கைக்கும் என் சாக்ஸை மாட்டிவிட்டேன். நீ அழாமல் இருக்க, ஜுரம் வந்த ஃபிரிட்ஜ் ஒன்றின் கதையை விடிய விடியச் சொன்னேன். இதையெல்லாம் நான்கு வரியில் எழுத நான் என்ன தந்தியா அடிக்கிறேன்? இரண்டு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு வரியைக் கூட வெட்டாமல் கொடு.

கண்ணாடியில் உன் கழுத்தைப் பார். ஒரு வடு உண்டா? ஊரில் அம்மை போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் எங்கேயாவது ஒரு குழி இருக்கும். உனக்கு இல்லை. அத்தனையும் நான் பார்த்த பார்வை. நான் இதைச் சொல்ல ஆரம்பித்ததும் தையல்காரர், “ஆரம்பிச்சிட்டார்யா” என்று மிஷினை வேகமாக மிதிக்கத் தொடங்கிவிட்டார். பொறாமை.

உன் அப்பா


ஜனவரி 27

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். உங்கள் இரண்டு பக்கத்தையும் பெரிய சிஸ்டர் நின்றுகொண்டே படித்து முடித்தார். இந்த வார்டுக்கு அவர்தான் எல்லாம். சிரிக்கிற ஆள் இல்லை. படித்துவிட்டு, “உங்கப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக்கா, வக்கீலா?” என்றார். அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து வார்டுக்குள் இருக்கிறேன்.

உள்ளே போவதற்கு முன் முழங்கை வரை கை கழுவ வேண்டும். செருப்பு மாற்ற வேண்டும், முகத்தை மூட வேண்டும். பன்னிரண்டு கட்டில். எல்லாத் தலையும் மொட்டை. யார் பையன், யார் பெண் என்று முதல் நாள் திணறிப்போனேன். ஐந்து வயதில் ஒரு வாண்டு இருக்கிறது. சக்கர நாற்காலியில் நான் தள்ளிக்கொண்டு போவதால் அவளுக்கு நான் ‘டிரைவர் அக்கா’. திருப்பத்தில் நான் ஹாரன் அடிக்காவிட்டால் கோபம் வருகிறது. வாயாலேயே அடிக்கிறேன். பெரிய சிஸ்டர் பார்த்தும் பார்க்காதது போல் போய்விடுகிறார்.

இன்னொன்று கேளுங்கள். அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி ஒருவருக்கு இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்த்துச் சொல்கிற புதிய பரிசோதனை ஒன்று எங்கள் லேபுக்கு வந்திருக்கிறது. அம்மை ஒரு தடவை வந்து போனால், எத்தனை வருடமானாலும் ரத்தம் அதை மறக்காதாம். இந்தப் பரிசோதனை சரியாகச் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள, நிச்சயமாக அம்மை வந்தவர்கள் சிலருடைய ரத்தம் வேண்டும் என்று லேப்காரர் கேட்டார். நான்தான் முதலில் கையை நீட்டினேன். “எங்கப்பா ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கார், இதைவிட நிச்சயம் என்ன வேணும்?” என்றேன்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 6

பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. நானும் அப்படியே.

என்னிடம் ஒரு பழைய தெர்மாமீட்டர் இருக்கிறதே, உனக்குத் தெரியும். புதிதாக எந்தக் கருவி வாங்கினாலும் அதை இதோடு வைத்துப் பார்த்துத்தான் நம்புவேன். அந்த ஆஸ்பத்திரிக்கு நீ அந்தத் தெர்மாமீட்டர். உன் ரத்தத்தை வைத்து அவர்கள் தங்கள் பரிசோதனையையே சரிபார்க்கிறார்கள்! இதைக் கடையில் மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை தையல்காரர் எழுந்து போய்விட்டார்.

நம் தடுப்பூசி மையத்தில் ஊசி மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்தேன். அங்கே இருக்கிற நர்ஸம்மாவிடமும் உன்னைப் பற்றிச் சொன்னேன். சும்மா இருக்க முடியுமா என்னால்?

உன் அத்தை சனிக்கிழமை வந்தாள். வழக்கம்போல் என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். ரிசல்ட் வந்ததும் எழுது. டிரைவர் அக்காவின் அந்த வாண்டையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அப்பா


மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தாமதமாக எழுதுகிறேன், வேலை அதிகம்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. சலவைக்கூடத்துக்கு வருகிற படுக்கை விரிப்புகளின் எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நான்கு முனையையும் சேர்த்து, ஒரே உதறலில் சுருக்கம் போக வேண்டும். நான் நன்றாகவே மடிக்கிறேன். கறை படிந்தது தனி, கிழிந்தது தனி. இடது தோளில் கொஞ்சம் வலி, மூட்டை தூக்கியதாக இருக்கலாம்.

விடுதியில் ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது. நீங்கள் இருந்தால் ஒரு தட்டுத் தட்டியே சரிசெய்திருப்பீர்கள். தையல்காரரிடம் உடுப்புக்கு அவசரமில்லை என்று சொல்லுங்கள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா


மார்ச் 12

பாப்பாவுக்கு,

நான் நலம். நீ நலமா? சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். பாதியிலேயே தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். “பிள்ளைங்க எங்கே அண்ணே? ஒரு பிள்ளையைக்கூடக் காணோமே இதுல” என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஹாரன் இல்லை, வாண்டு இல்லை, பெரிய சிஸ்டர் இல்லை. நர்ஸ் எழுதிய கடிதம் மாதிரி இல்லை, சலவைக்கடையிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது. ரிசல்ட்டைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? அந்தப் பெரிய சிஸ்டரா? ஒரு வார்த்தை எழுது, நான் பஸ் ஏறி வருகிறேன். என் பெண்ணை எவரும் லேசாக நினைக்கக் கூடாது.

உன் அப்பா


மார்ச் 20

அப்பா,

இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்காதீர்கள். கடையைச் சாத்தியபிறகு, வீட்டில் உட்கார்ந்து, தனியாகப் படியுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ரிசல்ட் பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. லேப்காரர் பரிசோதனையில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தார். மறுபடி ரத்தம் எடுத்து, வேறு ஒரு முறையிலும் பார்த்தார். அதிலும் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் சரியாக வந்திருக்கிறது. எனக்கு அம்மை வரவே இல்லை, அப்பா. அது வேறு ஏதோ கொப்புளம். வடு இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

லேப்காரர் நல்ல மனிதர். “இந்த ரிசல்ட் சீட்டுல பேரு எதுவும் இல்லம்மா. நானா யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா நீ தினம் அந்த வார்டுக்குள்ள போறவ” என்றார்.

யாருக்கும் தெரியாமலே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது. வெளியே போய்த் தடுப்பூசியை ரகசியமாகப் போட்டுக்கொண்டால் போயிற்று என்று கூட யோசித்தேன். ஆனால் அன்று காலையில்தான் அந்த வாண்டு என் தோளில் மொட்டைத் தலையைச் சாய்த்துத் தூங்கியிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த எந்தப் பிள்ளையிடமிருந்தாவது நான் அம்மையை வாங்கி வந்து அவளுக்குக் கொடுத்திருந்தால்? கால் தானாகப் பெரிய சிஸ்டரின் அறைக்குப் போய்விட்டது.

அவர் திட்டவில்லை. அந்த நிமிடமே என்னை வார்டுக்கு வெளியே அனுப்பினார். நல்லவேளை, உள்ளே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. “உன் இடத்தை வெச்சிருப்பேன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது” என்றார். முதல் ஊசி போட்டாகிவிட்டது. தோள் வலி அதுதான். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்குப் பிறகும் சில வாரம் பார்ப்பார்கள். அதற்குள் வேறு யாரையாவது எடுத்துவிட்டால் அவ்வளவுதான். அதுவரை சலவைக்கூடத்தில் விரிப்பு எண்ணுகிறேன்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் இத்தனை நாள் தெரியவில்லை. இத்தனை வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானே கையை நீட்டி ரத்தம் கொடுத்து, அதை உங்களிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

பாப்பா


ஏப்ரல் 26

அடி பாப்பா,

அத்தை எழுதுகிறேன். எனக்குக் கடிதமெல்லாம் எழுதிப் பழக்கமில்லை, உன் அப்பன் மாதிரி வாயும் இல்லை. மூட்டுவலியைத் தவிர நான் நலம்.

ஒரு மாதமாக அவன் பதில் போடவில்லை என்று கலங்கிப் போயிருப்பாய். இங்கேயும் அதே கதைதான். கடையில் வாயே திறப்பதில்லை. அந்தத் தையல்காரர் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டு, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். உன் கடிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். தனியாகப் படிக்கச் சொல்லியிருந்தாயே, நானும் தனியாகத்தான் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இது அவன் சொல்ல மாட்டான். அவனுக்குச் சின்ன வயதில் அம்மை வரவே இல்லையடி. எனக்குத்தான் வந்தது. அவனை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உனக்குக் கொப்புளம் போட்டபோது, டாக்டர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து அம்மை என்றார். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரல் வரை போய் ஆளையே சாய்த்துவிடும், இதுவரை வராதவர்கள் கிட்டவே போகாதீர்கள் என்று கண்டித்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் பெட்டியோடு வந்து நின்றேன். “எனக்கு வந்து போனதுதான், நான் பாத்துக்கறேன், நீ வெளிய போ” என்றேன். உன் அப்பன் என்ன சொன்னான் தெரியுமா? “கண்ணை முழிச்சா அவ என்னைத்தான் தேடுவா.” அவ்வளவுதான். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டான். இரண்டு வாரமும் நான்தான் ஜன்னல் வழியாகச் சோற்றை நீட்டினேன். தினமும் அவன் முகத்தில் ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப்போயிற்று. ஊர் முழுக்க வடுவைப் பற்றிப் பேசினானே, இதைப் பற்றி ஒரு நாளாவது பேசினானா? கல்லுளிமங்கன்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள். சரியாகத் தின்னு.

அத்தை


மே 9

பாப்பாவுக்கு,

நலம். தாமதத்துக்கு முதுகுவலி காரணம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீ நம்ப மாட்டாய்.

கோபம் வந்தது. முதலில் அந்த லேப் மேல். பிறகு அன்று அம்மை என்று சொன்ன டாக்டர் மேல். பிறகு யார் மேல் என்றே தெரியவில்லை. ரத்தத்துக்கு என்ன தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நானல்லவா என்று சுவரோடு சண்டை போட்டேன். கடையில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் உள்ளே போய் ஸ்குரூ தேடுவேன்.

பிறகு ஒரு நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். முதல் தடவை படித்தபோது என்னைப் பற்றி எழுதியிருந்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டிருக்கிறது. உன்னைப் பற்றி எழுதியிருந்ததை இந்தத் தடவைதான் பார்த்தேன். அந்தச் சீட்டில் பெயரே இல்லை. கேட்பாரும் இல்லை. ஆசைப்பட்டு வாங்கிய இடம். நீயாகவே நடந்துபோய்ச் சொல்லிவிட்டு, வெளியே வந்து விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறாய். நான் இத்தனை வருடம் கடை நடத்தியவன். வாடிக்கையாளர் பார்க்காத இடத்தில் பழைய பாகத்தைப் போடலாமா என்று எனக்கும் தோன்றிய நாள் உண்டு. அதனால் நீ செய்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அம்மையிலிருந்து உன்னைக் காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். உன்னை வளர்த்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. எவ்வளவு பெரிய முட்டாள் நான்! இனிமேல் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டக் கூடாது என்று நீ என் வாயைக் கட்டிவிட்டாய். உன் அனுமதியை எதிர்பார்க்கிறேன்.

தடுப்பூசி மையத்தின் ஃபிரிட்ஜ் மறுபடி மக்கர் செய்தது. சரிசெய்யப் போன இடத்தில் நர்ஸம்மாவிடம் சொல்லி நானும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். அடுத்ததற்கும் தேதி கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்காதே. சும்மாதான்.

உன் அப்பா


ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்குப் பாப்பா எழுதுவது,

நலம், நலம், நலம். உங்கள் தோள் வலி குறைந்ததா? எனக்கு இரண்டு நாள் இருந்தது.

நேற்றுப் பெரிய சிஸ்டர் சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் கையில் விரிப்போடு நிற்கிறேன். மறுமுனையைப் பிடித்திருந்த அம்மாளிடமிருந்து அதை வாங்கி, என்னோடு சேர்ந்து ஒரு விரிப்பை மடித்து முடித்தார். அப்புறம்தான் சொன்னார். என் இடத்துக்கு இதுவரை யாரையும் எடுக்கவில்லையாம். மேலே இருப்பவர்கள் மூன்று தடவை கேட்டார்களாம். “அந்த இடத்துக்கு ஆள் இருக்கு, ஊசி போட்டுக்கிட்டிருக்கான்னு சொல்லிட்டேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இன்று காலை உள்ளே போனேன். கை கழுவி, செருப்பு மாற்றி, முகம் மூடி. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது, ஆனாலும் வாண்டு கண்டுபிடித்துவிட்டாள். கொஞ்சம் முடி முளைத்திருக்கிறது அவளுக்கு. “இவ்ளோ நாள் லீவா டிரைவர்?” என்று அதட்டினாள். எல்லாத் திருப்பத்திலும் ஹாரன் அடித்தேன்.

அதற்கு முன் பழைய படிவத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ‘சின்னம்மை வந்ததா’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்பதை அடித்து ‘இல்லை’ என்று எழுதினேன். தடுப்பூசி போட்ட தேதிகளை எழுதினேன். அதற்குக் கீழே ‘உடனிருந்து பார்த்துக்கொண்டவர்: அப்பா’ என்று இருந்தது. பேனாவை மூடிவிட்டேன். பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்தார். “அம்மையே வரலேன்னு ஆயிடுச்சு. அந்த வரி எதுக்கு? அடிச்சிடு” என்றார்.

“அது இருக்கட்டும் சிஸ்டர். அது நிஜம்” என்றேன்.

அப்பா, நீங்கள் ஏன் ஊசி போட்டுக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அத்தையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய சிஸ்டரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஜன்னலையும் தாழ்ப்பாளையும் சேர்த்து. அவர் உங்களுடைய அந்த இரண்டு பக்கக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, திருத்திய படிவத்தோடு சேர்த்தே வைத்துவிட்டார்.

மார்ச்சில் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்ட அனுமதி கேட்டிருந்தீர்கள். தருகிறேன், ஆனால் அதை மட்டும் படித்து நிறுத்திவிடக் கூடாது. கம்ப்ரசரை அணைத்துவிடுங்கள். தையல்காரரை மிஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அத்தையையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்தக் கடிதத்தை முடித்துவிட்டு, இதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படியுங்கள். உங்களைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தில் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து அத்தை வாங்கிப் படிக்கட்டும்.

உங்கள் பாப்பா